மேசைக்கு உள்பக்கம்

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு செம்மஞ்சள் ரீ-ஷேர்ட் தந்தார்கள். முதுகில் "என்னிடம் கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. கழுத்தில் தொங்கப் போட ஓர் அட்டையும் தந்தார்கள். அதில் என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் "பயிற்சி" என்று இருந்தது. செப்டெம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறும்போது மழை. இறங்கும்போது நல்ல வெயில்.

அது லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரவேற்பு மையம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். புதிதாக வருகிற மாணவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான். அடையாள அட்டை எடுக்க வருவார்கள். வங்கிக்குக் கடிதம் எடுக்க வருவார்கள். அறைக் கதவு திறக்கவில்லை என்று வருவார்கள். சிலர் ஏதோ கேட்க வருவதுபோல வந்து, கேட்க ஒன்றுமில்லாமல் அழுவார்கள். நான் மாணவர் நலத்துறையில் பகுதிநேரமாக முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். படிப்பின் ஒரு பகுதி இந்த வேலைப் பயிற்சி, பிளேஸ்மென்ட். கிழமைக்கு மூன்று நாள், கிறிஸ்மஸ் விடுமுறை வரை. அதற்கு முன் பதினான்கு வருடம் ஸ்ட்ரெதமில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை செய்தேன். மூக்கில் இரத்தம் வந்த பிள்ளைகளுக்குத் துடைக்க ரிஷ்யூத் தாள் கொடுப்பதும், தாய்மாருக்குப் போன் எடுப்பதும் எனக்குக் கைவந்த வேலை.

படிப்புக்குச் சேரும்போது நேர்முகத்தில் கேட்டார்கள்: ஏன் இந்தத் துறை? இளம் பிள்ளைகளுக்கு உதவ விருப்பம் என்று சொன்னேன். சொந்தக்காரரிடம், பதவி உயர்வுக்காகப் படிக்கிறேன் என்று சொன்னேன். இரண்டும் பொய்.

உண்மை என்னவென்றால், அதற்கு மூன்று வருடம் முன்பு நான் அப்படியொரு மேசைக்கு வெளியே நின்றிருந்தேன். என் ஒரே மகள் வடக்கே ஒரு நகரத்தில் பார்மசி படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம். ஏப்ரல் மாதத்தில் பத்து நாட்களாக அவள் போன் எடுக்கவில்லை. நானும் கணவரும் ரயிலேறிப் போனோம். பல்கலைக்கழகத்து வரவேற்பு மேசையில் தாடி வைத்த ஒரு பெடியன் இருந்தான், இருபத்தைந்து வயதுகூட இராது. மகளின் பெயரைச் சொல்லி, வகுப்புக்கு வருகிறாளா என்று கேட்டோம். அவன் பணிவாகச் சொன்னான்: "அந்தப் பெயரில் ஒரு மாணவி இங்கே இருக்கிறார் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது."

கணவர் சத்தம் போட்டார். அவர் வீட்டில்கூடச் சத்தம் போடாத மனிதர். நான் என் பாஸ்போர்ட்டையும் மகளின் பிறப்புச் சான்றிதழின் போட்டோவையும் காட்டினேன். பெற்றது நான்தான் என்பதற்கு வேறென்ன காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அதே வசனத்தை அதே பணிவோடு திரும்பச் சொன்னான். அந்த முகத்தை நான் வெறுத்ததுபோல வேறெந்த முகத்தையும் வெறுத்ததில்லை.

அன்று பின்னேரம் அவள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனபோது, அவளோடு இருந்த ஒரு பெண் கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னாள். மகள் படிப்பை விட்டு எட்டு மாதமாம். போன கிழமை சாமான்களோடு வெளிக்கிட்டுப் போய்விட்டாளாம். எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடு கதைத்தாள். லாப் வகுப்பு இருக்கிறது என்பாள். பரீட்சை வருகிறது என்பாள். நாங்கள் இங்கே மாதா கோயிலில் அவளுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம்.

திரும்பி வரும் ரயிலில் ஒரு செய்தி வந்தது. "அம்மா, நான் பத்திரமாக இருக்கிறன். தயவுசெய்து தேடாதேங்கோ." அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், அம்மா என்ற சொல் மட்டும் தமிழ். பொலிஸிலும் சொன்னோம். அவர்கள் அவளைக் கண்டு கதைத்துவிட்டு வந்து, நலமாக இருக்கிறாள், வயது வந்தவள், முகவரி தர விருப்பமில்லை என்கிறாள் என்றார்கள்.

ஆகவே நான் மேசைக்கு உள்ளே போய்ப் பார்க்க விரும்பினேன். அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன தெரியும், எதைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினேன். இதை நேர்முகத்தில் எப்படிச் சொல்வது.

எனக்கு மேலாளராக இருந்தவர் மலேசியத் தமிழ்ப் பெண். ஈப்போவிலிருந்து இங்கே படிக்க வந்து, படிப்பு முடிந்து இங்கேயே வேலையெடுத்து முப்பது வருடமாகிறது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மற்றவர்கள் முன்னால் ஆங்கிலம். நாங்கள் இருவர் மட்டும் என்றால் தமிழ். முதல்நாள் பின்னேரம் என்னை ஒரு சின்ன அறையில் இருத்தி விதிகளைச் சொன்னார்.

"இது ஒண்ணு மட்டும் மறக்கவே கூடாதுங்க. யார் போன் பண்ணாலும், அம்மாவா இருந்தாலும் அப்பாவா இருந்தாலும், பிள்ளை கையெழுத்துப் போட்டுச் சம்மதம் குடுக்காம எதுவும் சொல்லக் கூடாது. இருக்காங்கன்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாது."

குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அந்தக் கையெழுத்தை இப்போது பார்த்தால் என்னுடையது போல இல்லை.

"கஷ்டமா இருக்கும்," என்றார் அவர். "பெத்தவங்க அழுவாங்க. பழகிடும்."

"ஓம்," என்றேன். என் மகளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

முதல் இரண்டு கிழமையும் வேலையில் மூச்சுவிட நேரமில்லை. காலையில் ஏழெட்டுக் கார்கள் வரிசையில் நிற்கும். தகப்பன்மார் பின்கதவைத் திறந்து தலையணை, தொலைக்காட்சி, சோறு அவிக்கிற குக்கர் என்று இறக்குவார்கள். தாய்மார் எங்கள் மேசைக்கு வந்து, பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, பிள்ளைக்காகக் கேள்வி கேட்பார்கள். கடலை சாப்பிட்டால் ஒத்துவராது, யாரிடம் சொல்ல வேண்டும். உடுப்புத் தோய்க்கிற மெஷின் எத்தனை மணிவரை. பிள்ளை வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது மேலாளர் சொல்லித்தந்த முறை. என்னால் முதலில் முடியவில்லை. என் கண் தாயிடம்தான் போகும். மகளை நாங்கள் கொண்டுபோய் விட்ட அன்று நான்தான் அவளுடைய கட்டிலுக்கு விரிப்புப் போட்டேன். அவள் யன்னலோரம் நின்று, "அம்மா, நான் செய்வன், விடுங்கோ," என்று மூன்று தரம் சொன்னாள். நான் விடவில்லை.

மூன்றாம் கிழமை ஒரு புதன்கிழமை, மத்தியானம் கடந்து, ஒரு பிள்ளை வந்தாள். அவளைப் பற்றி எழுதுவதில் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் வருடத்து மாணவி. தலைமயிரை இறுக்கிக் கட்டி, கறுத்த ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். படிப்பிலிருந்து விலக எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் அட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, நீங்கள் தமிழா?"

"ஓம் பிள்ளை."

அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். தமிழ் என்றால் யாரையாவது தெரிந்திருக்கும், வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம். நான் அவளைச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இங்கே சொல்வது இங்கேயே இருக்கும் என்றேன். விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். விலகுவதற்கு முன் மாணவர் ஆலோசகர் ஒருவரைச் சந்திக்கலாம், ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்ப வரவும் வழி உண்டு என்று சொன்னேன். எல்லாம் படித்தபடி. அதற்குப் பிறகு, சொல்லக்கூடாது என்று தெரிந்தும், வாயில் வந்துவிட்டது.

"அம்மா அப்பாட்டச் சொல்லிட்டீங்களோ?"

அவளுடைய முகம் மூடிக்கொண்டது. ஒரு கடையின் இரும்புக் கதவை இழுத்து இறக்கினதுபோல இருந்தது. விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு எழும்பப் போனாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். "நான் கேட்டிருக்கக் கூடாது. இருங்கோ."

இருந்தாள். பிறகு ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னாள். பங்குனி மாதத்திலிருந்து அவள் வகுப்புக்குப் போவதில்லை. வீட்டிலிருந்துதான் வருகிறாள். காலையில் எட்டு மணிக்கு வெளிக்கிடுவாள். தாய் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். இரண்டு பஸ் மாறி வந்து, நூலகத்தில் நாலாம் மாடியில் இருந்துவிட்டு, ஐந்து மணிக்குத் திரும்பிப் போவாள்.

"நான் சொன்னனான் அன்ரி. சொல்லாம இல்லை. ஒருநாள் கார்ல போகேக்க அப்பாட்டச் சொன்னனான். அவர் கனடாவில இருக்கிற சித்தப்பாவோட போன்ல கதைச்சுக்கொண்டு கார் ஓடினவர். பொறு எண்டு கையைக் காட்டினவர். நான் பொறுத்துக்கொண்டு இருந்தனான். பிறகு அவர் கேக்கவே இல்லை."

என் மகளும் சொல்லியிருக்கிறாள். முதல் வருடம், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நான் கோயில் வாசலில் நின்றேன். பக்கத்தில் நாலு பேர் என்னோடு கதைக்கக் காத்துக்கொண்டு நின்றார்கள். போனில் அவள், "அம்மா, எனக்கு ஏலாம இருக்கு," என்றாள். நான், "எல்லாருக்கும் முதல் வருஷம் அப்பிடித்தான், நேரத்துக்குச் சாப்பிடு, பிறகு எடுக்கிறன்," என்று சொல்லி வைத்தேன். பிறகு எடுத்தேன்தான். அப்போது அவள் எல்லாம் நல்லம் என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஆலோசகரிடம் அன்றே நேரம் எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு, கண்ணாடிக் கதவால் பார்த்துக்கொண்டு நின்ற மேலாளர் வந்து, "வீட்டைப் பத்தி அவங்களா சொன்னா கேளுங்க. நீங்களா கேட்காதீங்க," என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்கு முகம் சுட்டது.

ஒன்பது நாள் கழித்து அந்தப் பிள்ளையின் தகப்பன் வந்தார்.

அவர்தான் தகப்பன் என்று எனக்கு முதலில் தெரியாது. பஸ் ஓட்டுநரின் சீருடை ஜக்கெற், கையில் பிளாஸ்க். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார். வரிசையில் நின்று தன் முறை வரும்வரை பொறுத்து வந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"தங்கச்சி, நீங்கள் தமிழ்தானே?"

"ஓம் அண்ணை."

"கடவுளே," என்று மூச்சுவிட்டார். என்னைக் கண்டதில் அவருக்கு அவ்வளவு ஆறுதல். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய, புதுநன்மை நாளின் படம். வெள்ளை உடுப்பில் எட்டு வயதுப் பிள்ளை. பிறகு அடுத்த படம், இப்போதையது. தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என்ர மகள். முந்தநாள் வீட்டை விட்டுப் போட்டாள். சிநேகிதி வீட்டில நிக்கிறன், பத்திரமா இருக்கிறன் எண்டு துண்டு எழுதி வைச்சிருக்கிறாள். போன் எடுக்கிறாள் இல்லை. நாங்கள் மன்னார் ஆக்கள். கோயில் பங்கில எல்லாருக்கும் எங்களைத் தெரியும். ஒருத்தரிட்டயும் கேக்க ஏலாது. நீங்கள் ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அவள் வகுப்புக்கு வாறாளோ?"

எனக்கு எல்லாம் தெரியும். அவள் பங்குனியிலிருந்து வருவதில்லை என்று தெரியும். நூலகத்தின் நாலாம் மாடி தெரியும். தாய் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டை அவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாள் என்பதுகூடத் தெரியும்.

"அண்ணை," என்றேன். "அந்தப் பேரில ஒரு மாணவி இஞ்ச இருக்கிறா எண்டோ இல்லை எண்டோ என்னால சொல்ல ஏலாது."

சொல்லி முடித்தபோது என் குரல் பணிவாக இருந்தது. அந்தத் தாடிப் பெடியனின் குரலில் இருந்த அதே பணிவு. அதைத்தான் நான் மூன்று வருடமாகக் கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக, "நீங்களும் ஒரு தாய்தானே," என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. நான் வெளியே வந்து அவரைச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விதியில் ஓர் இடம் உண்டு. பெற்றோர் ஒரு கடிதம் எழுதித் தரலாம். அப்படியொரு மாணவி இருந்தால், ஆலோசகர் மூலம் அவளிடம் சேர்ப்போம். அதை வாசிப்பதும் விடுவதும் அவள் விருப்பம். இதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் கொடுத்தேன்.

அவர் தமிழில் ஒரு வரி எழுதி, வெட்டினார். "அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது," என்றார். "நான் சொல்றன், நீங்கள் இங்கிலிஸில சொல்லித் தாங்கோ, நான் எழுதுறன்."

"சொல்லுங்கோ."

"வீட்ட வா. ஒருத்தரும் ஏச மாட்டம். படிப்பு முக்கியம். ரெண்டு வருஷம்தான் கிடக்கு. அதை முடிச்சிட்டு நீ என்ன வேணுமெண்டாலும்…"

"அண்ணை, படிப்பைப் பற்றி எழுதாதேங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அப்படிச் சொன்னது விதிக்குள் வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மகளுக்கு நான் அனுப்பிய அத்தனை செய்தியிலும் ஒரு வரி படிப்பைப் பற்றியது. வேறு கோர்ஸ் எடுக்கலாம். ஓப்பன் யூனிவர்சிற்றியில் முடிக்கலாம். நாங்கள் விசாரித்து வைத்திருக்கிறோம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

"அப்ப வேற என்னத்தை எழுதுறது?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். பேனையைப் பிடித்தபடி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் மணிக்கூட்டில் பத்து நிமிடம் போனது. இருபது வருடம் வளர்த்த பிள்ளைக்கு, படிப்பை எடுத்துவிட்டால், எழுத ஒரு வரி வரவில்லை அவருக்கு. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் வரவில்லை.

பிறகு தனக்குத்தானே கதைப்பதுபோலச் சொன்னார். "ஒருநாள் காருக்குள்ள என்னவோ சொல்ல வெளிக்கிட்டவள். நான் போன்ல நிண்டனான். பொறு எண்டனான்."

நான் மேசைக்குக் கீழே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"பிறகு?"

"பிறகு நான் கேக்க மறந்திட்டன் தங்கச்சி. இப்பதான் ஞாபகம் வருது. அவள் என்ன சொன்னவள் எண்டு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"அதை எழுதுங்கோ அண்ணை," என்றேன். "இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ."

பிழை பிழையான ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். நான் திருத்தவில்லை. மடித்துத் தந்துவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று பின்னேரம் நான் பின்னறையில் அழுததை மேலாளர் கண்டுவிட்டார். இனி மறைக்க முடியாது என்று மகளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும். நான் உங்களை முன் மேசையில வச்சிருக்கவே மாட்டேன்."

"சொன்னா எடுத்திருக்க மாட்டீங்கள்."

"எடுத்திருப்பேன். வேற வேலை குடுத்திருப்பேன்." பிறகு கடிதத்தை ஆலோசகரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கிழமை முழுவதும் என்னை அடையாள அட்டை அச்சிடும் அறையில் விட்டார். அது எனக்குத் தண்டனைபோல இருந்தாலும், தேவையாகவும் இருந்தது. அந்த மெஷின் எதுவும் கேட்காது.

கடிதம் சேர்ந்ததா, அவள் வாசித்தாளா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. விதி எனக்கும்தான்.

கார்த்திகை மாதம் முடியும் நேரத்தில் அவளே வந்தாள். ஒரு வருடம் படிப்பை நிறுத்தி வைப்பதற்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதற்கான கடிதத்தை எடுக்க வந்திருந்தாள். ஜக்கெற்றின் சிப் திறந்திருந்தது.

"அன்ரி, அப்பா வந்தவராம், என்ன?"

நான் சும்மா சிரித்தேன்.

"ஓ, நீங்கள் சொல்ல மாட்டீங்கள்." அவளும் சிரித்தாள். "அப்பாவின்ர கடிதத்தில படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை அன்ரி. எனக்குப் பயமாப் போச்சு. அவருக்கு ஏதும் பெரிய நோய் வருத்தம் வந்திட்டுதோ எண்டு நினைச்சு உடன போன் எடுத்தனான்."

"பிறகு?"

"அழுதவர். நான் அவர் அழுது கேட்டதே இல்லை." கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினாள். "அந்தா, கார்ல நிக்கிறார். அம்மா இன்னும் என்னோட சரியாக் கதைக்கிறா இல்லை. ஆனா சாப்பாடு கட்டித் தாறா."

அவள் போய்க் காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய இடம். சந்தோஷப்பட்டேன். அதோடு சேர்ந்து வந்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தத் தாயின்மேல், அந்த மனிதரின்மேல், அவர் எழுதிய நாலு வரியின்மேல். இன்னொருவரின் பிள்ளை வீட்டுக்குப் போனதற்கு என் நெஞ்சு ஏன் இப்படி எரிகிறது என்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகாமல், மகளுக்கு ஓர் ஈமெயில் எழுதினேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது, மத்தியானம் சமைக்கவும் இல்லை. கடைசியில் ஆறு வரி மிஞ்சியது. மாசி மாதம் நீ போனில் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள் என்பது ஒரு காரணமில்லை. எனக்குக் கேட்க விருப்பமில்லை, அதுதான். உன்னுடைய கட்டிலுக்கு நீயே விரிப்புப் போட விட்டிருக்க வேண்டும். நீ பதில் எழுத வேண்டியதில்லை.

பதினொரு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பதில் வந்தது. மூன்று வருடத்தில் முதல் பதில். பின்னறையில் இருந்து வாசித்தேன்.

நன்றி அம்மா, என்று இருந்தது. நீங்கள் அதைச் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் வேலை செய்கிறேன், சுகமாக இருக்கிறேன். இப்போது உங்களைப் பார்க்க என்னால் ஏலாது. எப்போது ஏலும் என்றும் தெரியாது. இன்னொரு விஷயம். அப்பா இங்கே வாறது எனக்குத் தெரியும். கடைத் தெருவில் நிற்கிறதை இரண்டு தரம் கண்டேன். வரவேண்டாம் என்று சொல்லுங்கோ. அவரைக் கண்டால் எனக்கு அன்றைக்கு வேலை செய்ய ஏலாமல் போகுது.

என் கணவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி அந்த நகரத்துக்குப் போய்வருவார். மூன்று வருடமாக. ஊராருக்கு ஓவர்டைம் என்று சொல்லுவோம். அங்கே போய்த் தெருத் தெருவாக நடப்பார். ஒரு தேத்தண்ணி குடிப்பார். திரும்பி வருவார். வந்து ஒன்றும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். நான் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது அவர், "நீ அவங்கட பக்கம் போறாய்," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

மகளின் பதிலில் இருந்த அந்தக் கடைசிப் பகுதியை அவருக்குச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதற்கு எந்தப் புத்தகத்திலும் விதி இல்லை. சனிக்கிழமை காலை அவர் மாடிப்படியில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலில் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"இஞ்சரப்பா, போகாதேங்கோ. பிள்ளை எழுதியிருக்கிறாள்."

போனைக் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் அவருக்கு வாசிக்க ஏலாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் வாசித்தேன், ஒன்றையும் விடவில்லை.

மற்றச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"என்னைக் கண்டவளாமோ?"

"ஓம்."

"ரெண்டு தரம்."

"ஓம்."

"எந்த இடத்தில எண்டு எழுதேல்லையோ?"

"இல்லை."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தது எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. "அப்ப அவள் அங்கதான் இருக்கிறாள். நான் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறன்." பிறகு அந்த வெளிச்சம் மெல்லப் போனது. "ஒளிச்சு நிண்டிருக்கிறாள், என்ன? என்னைக் கண்டிட்டு ஒளிச்சு நிண்டிருக்கிறாள்."

நான் அவருடைய தோளைப் பிடித்தேன்.

"நான் அப்பிடி என்னப்பா செய்தனான்?" என்று கேட்டார்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. அடித்ததில்லை, ஏசினதில்லை. அவள் பார்மசி படிப்பதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார், அவ்வளவுதான். அதை அவளால் தூக்க முடியவில்லை. இதை நான் அவருக்குச் சொன்னேன். விளங்கியதோ தெரியாது. போட்ட ஒரு சப்பாத்தையும் கழற்றினார். மேலே போய் அவளுடைய அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் இறங்கி வந்து, நான் போட்டுக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார். அந்த நகரத்துக்கு அவர் பிறகு போகவில்லை.

கிறிஸ்மஸோடு என் பிளேஸ்மென்ட் முடிந்தது. தை மாதத்தில் அதே மையத்தில் எனக்கு வேலை தந்தார்கள். மேலாளர் என்னை அழைத்து, முன் மேசை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

மகள் அதற்குப் பிறகு எழுதவில்லை. பிறந்தநாளுக்கு இரண்டு வரி அனுப்பினேன். அவளுக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது. நான் வேலையால் வரும்போது கணவர் வாசலுக்கு வந்து என் பையை வாங்குவார். முன்பு வாங்குவதில்லை. "இண்டைக்கு என்ன மாதிரி?" என்பார். "நிறைய ஆக்கள்," என்பேன். அதற்குமேல் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கக் குசினிக்குள் போவார்.